செயலிக்குள் ஒளிந்திருக்கும் இன்னொரு கணினி: அணைத்த பிறகும் விழித்திருக்கிறதா?

புளியமரம் கேட்டது, 11 ஜனவரி 2025

வணக்கம். தங்கையின் கல்லூரிப் படிப்புக்குப் பழைய மடிக்கணினி ஒன்று வாங்க நினைக்கிறேன். நிறுவனங்கள் பயன்படுத்திக் கழித்த இன்டெல் கணினிகள் மலிவாகக் கிடைக்கின்றன. அலுவலக நண்பர் ஒருவர் பயமுறுத்துகிறார். "இன்டெல் செயலிக்குள் இன்னொரு கணினி ஒளிந்திருக்கிறது. விண்டோஸை அழித்து லினக்ஸ் போட்டாலும் அது போகாது. கணினியை அணைத்தாலும் அது ஓடும். அமெரிக்காவுக்குத் தகவல் அனுப்பும்." இது உண்மையா, வாட்சப் வதந்தியா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பற்றாசு, 11 ஜனவரி, இரவு

உங்கள் நண்பர் சொன்ன நான்கு வாக்கியங்களில் முதல் மூன்றும் ஏறக்குறைய சரி. நான்காவதற்கு இதுவரை யாரும் சான்று காட்டவில்லை.

இன்டெல் 2006 முதல் தன் சிப்செட்டுகளில் மேனேஜ்மென்ட் எஞ்சின் என்ற தனிக் குறுங்கணினியை வைத்து விற்கிறது. செயலிக்குள் என்று சொல்வது பேச்சு வழக்கு. இருப்பது பக்கத்துச் சிப்பில். அதற்கென்று ஒரு சிறு செயலி, கொஞ்சம் நினைவகம், ஓர் இயங்குதளம். கணினியை எழுப்பிவிடும் அடிப்படை நிரலான பயாஸ் குடியிருக்கும் அதே ஃபிளாஷ் சிப்பில் அதன் ஃபர்ம்வேரும், அதாவது உள்நிரலும், ஒரு பகுதியில் குடியிருக்கிறது. ஆகவே வன்வட்டைக் கழற்றி உரலில் போட்டு இடித்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. மின்சாரம் வந்துகொண்டிருந்தால், நாம் அணைத்துவிட்டு எழுந்துபோன பிறகும் அது விழித்திருக்க முடியும். கணினியின் பிரதான நினைவகத்தையும் நெட்வொர்க் அட்டையையும் அதனால் தொட முடியும். நம்மால் அதைத் தொட முடியாது. இன்டெல் கையொப்பமிட்ட ஃபர்ம்வேரைத் தவிர எதையும் அது ஏற்காது, அதன் மூலநிரலும் வெளியில் கிடையாது.

எதற்காக வைத்தார்கள்? ஆயிரம் கணினி இருக்கும் அலுவலகத்தில் நிர்வாகி ஒருவர் தன் இருக்கையிலிருந்தே எந்தக் கணினியையும் எழுப்பலாம், திரையைப் பார்க்கலாம், இயங்குதளம் செத்துப்போயிருந்தாலும் புதிதாக நிறுவலாம். இந்த வசதியின் பெயர் ஏஎம்டி. 16992 என்ற எண்ணுள்ள நெட்வொர்க் வாசலில் அது காத்திருக்கும். உங்கள் கணினியில் உலாவியைத் திறந்து, அதே கணினியின் முகவரியில் 16992ஐத் தட்டிப் பாருங்கள். எதுவும் வரவில்லை என்றால் கவலை வேண்டாம்.

உள்ளே ஓடுவது மினிக்ஸ் என்ற இயங்குதளம் என்பது 2017இல் தெரியவந்தது. ஆக, என் மடிக்கணினியில் நான் போட்ட லினக்ஸும் யாரோ போட்ட மினிக்ஸும் ஒண்டுக்குடித்தனம் நடத்துகின்றன. சற்றுமுன் நானும் 16992ஐத் தட்டிப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. தூங்கப் போகிறேன்.

பற்றாசு, 12 ஜனவரி

நள்ளிரவு என்ற பெயரில் எழுதும் நண்பர் காலையிலேயே காதைத் திருகிவிட்டார். மினிக்ஸ் வந்தது எஞ்சினின் 11ஆம் பதிப்பில், அதாவது 2015இல் வந்த ஸ்கைலேக் என்ற இன்டெல் தலைமுறைக் கணினிகளில். என்னுடையது மூன்றாம் தலைமுறை ஐ5. அதில் இருப்பது 8ஆம் பதிப்பு. அது ஆர்க் என்ற வேறு வகைச் செயலி, ஓடுவது த்ரெட்எக்ஸ் என்ற சிறிய இயங்குதளம். ஒண்டுக்குடித்தனம் உண்மைதான், குடியிருப்பவரின் பெயரைத்தான் மாற்றிச் சொல்லிவிட்டேன்.

மினிக்ஸ் கதை என் கணினிக்குப் பொருந்தாவிட்டாலும் சொல்லத் தக்கது. ஆண்ட்ரூ டேனன்பாம் என்ற ஆம்ஸ்டர்டாம் பேராசிரியர், மாணவர்களுக்கு இயங்குதளம் என்றால் என்ன என்று கற்பிப்பதற்காக எழுதியது அது. சில ஆண்டுகளுக்கு முன் இன்டெல் பொறியாளர்கள் அவரை அணுகி நிறையக் கேள்விகள் கேட்டார்கள். இன்னும் குறைவான நினைவகத்தில் ஓடும்படி சில மாற்றங்களையும் கேட்டார்கள், அவரும் செய்துகொடுத்தார். பிறகு பேச்சுமூச்சு இல்லை. தன் பிள்ளை கோடிக்கணக்கான கணினிகளுக்குள் உட்கார்ந்திருப்பதை அவர் 2017இல் செய்தியில் படித்துத்தான் தெரிந்துகொண்டார். சட்டப்படி இன்டெலுக்கு எந்தக் கடமையும் இல்லை, உரிமம் அப்படித் தாராளமானது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றுதான் திறந்த மடலில் எழுதினார். எழுதியவருக்கே அந்த மரியாதை என்றால் விலைகொடுத்து வாங்கியவர் என்ன எதிர்பார்ப்பது?

பற்றாசு, 14 ஜனவரி

பொங்கலும் அதுவுமாக ஒரு குழப்பத்தைத் தீர்க்கவேண்டியிருக்கிறது. "இன்டெல் கணினியில் ஏஎம்டி எப்படி இருக்கும்? அது எதிரி நிறுவனம் ஆயிற்றே?" என்று இரண்டு பேர் தனிமடலில் கேட்டிருக்கிறார்கள். ஒருவர் சற்றுக் கோபமாகவே.

தவறு நம் எழுத்துடையது. செயலி தயாரிக்கும் ஏஎம்டி நிறுவனமும் இன்டெலின் தொலைநிர்வாக வசதியும் ஆங்கிலத்தில் கடைசி எழுத்தில் வேறுபடுகின்றன. நம்மிடம் இரண்டுக்கும் ஒரே ட. இனிமேல் நிறுவனத்தை ஏஎம்டி என்றும் வசதியைத் தொலைநிர்வாகம் என்றும் எழுதுகிறேன். தொல்காப்பியரைக் கேட்டுவிட்டுச் செய்திருக்கலாம்.

ஏஎம்டி வாங்கினால் தப்பிக்கலாமா என்று அடுத்த கேள்வி வரும், அதற்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். 2013 வாக்கில் தொடங்கி அவர்களும் செயலிக்குள்ளேயே ஒரு சிறிய ஆர்ம் செயலியை வைக்கிறார்கள். பாதுகாப்புச் செயலி என்று பெயர். பிரதான செயலி கண் திறப்பதற்கு முன்பே அது எழுந்துவிடும். அது எழாவிட்டால் கணினியும் எழாது. 16992 போன்ற வாசல் அதில் கிடையாது என்பது பெரிய ஆறுதல். மூடிய பெட்டி என்பதில் மாற்றமில்லை.

பற்றாசு, 19 ஜனவரி

முதல் நாள் நான் எழுதிய சோதனை தவறு. அதை நம்பி யாராவது நிம்மதியாக இருந்தால் மன்னிக்கவும். நானும் எட்டு நாள் நிம்மதியாகத்தான் இருந்தேன்.

தொலைநிர்வாகத்தின் வாசலுக்கு வரும் தரவுப் பொட்டலங்களை நெட்வொர்க் அட்டையே பிரித்து எஞ்சினிடம் கொடுத்துவிடுகிறது. இயங்குதளத்தின் கண்ணுக்கு அவை வருவதே இல்லை. விண்டோஸில் இன்டெலின் துணைச்சேவை நிறுவியிருந்தால் உள்ளிருந்து தட்டினாலும் பதில் வரும். என்னிடம் இருப்பது லினக்ஸ், அந்தச் சேவை இல்லை. ஆகவே என் கணினி தன்னைத்தானே தட்டிப் பார்த்தபோது அங்கே வாசலே இல்லாததுபோல் தெரிந்திருக்கிறது. வெளியே வேறொரு கணினியிலிருந்துதான் தட்டவேண்டும். ஒருவனுக்குக் குறட்டை உண்டா என்று அவனையே கேட்டால் என்ன பதில் வரும்?

இன்று மாலை மனைவியின் கணினியிலிருந்து தட்டினேன். என் மடிக்கணினி கம்பிவழி ரவுட்டரில் செருகியிருந்தது. அணைத்து வைத்திருந்தேன், சார்ஜர் மட்டும் இருந்தது.

பதில் வந்தது.

வெள்ளைத் திரை, ஓர் இன்டெல் சின்னம், உள்நுழையச் சொல்லும் பொத்தான். அணைத்து வைத்த கணினி எனக்கு வலைப்பக்கம் பரிமாறுகிறது. மூன்று ஆண்டுகளாக இந்தக் கணினியில்தான் வங்கிக் கணக்கு பார்க்கிறேன், வருமான வரி கட்டுகிறேன், அம்மாவின் மருத்துவ அறிக்கைகளைச் சேர்த்து வைத்திருக்கிறேன். வாங்கிய அன்றே வட்டை முழுவதும் அழித்து, மறையாக்கம் செய்து, நீளமான கடவுச்சொல் வைத்தேன் என்று ஊரெல்லாம் பெருமையடித்திருக்கிறேன்.

கணினி ஒரு பழைய பொருள் கடையில் வாங்கியது. ஏதோ நிறுவனம் குத்தகைக்கு எடுத்துத் திருப்பிக்கொடுத்த சரக்கு. அந்த நிறுவனத்தின் நிர்வாகி யாரோ ஒருவர் தொலைநிர்வாகத்தை இயக்கி, தன் கடவுச்சொல்லைப் போட்டு வைத்திருக்கிறார். திருப்பிக்கொடுத்தபோது அதை யாரும் கழற்றவில்லை. வட்டை அழித்துக் கொடுத்தார்கள், ஸ்டிக்கரைக்கூடச் சுரண்டியிருந்தார்கள். இதை மறந்துவிட்டார்கள். கடைக்காரருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

பற்றாசு, 20 ஜனவரி

கணினி எழும்போது கன்ட்ரோலும் பியும் (Ctrl+P) சேர்த்து அழுத்தினால் எஞ்சினின் அமைப்புத் திரை வரும். அங்கே ஆலையிலிருந்து வரும் கடவுச்சொல் 'அட்மின்'. போட்டுப் பார்த்தேன், ஏற்கவில்லை. முந்தையவர் மாற்றியிருக்கிறார், நல்ல நிர்வாகிதான். மதர்போர்டின் நாணய பேட்டரியைக் கழற்றி ஒரு மணி நேரம் வைத்துவிட்டு மாட்டினேன். 'அட்மின்' திரும்பி வந்தது. உள்ளே போய்த் தொலைநிர்வாகத்தைக் கலைத்தேன். எல்லா மாடலிலும் இது நடக்காது.

இந்த 'அட்மின்' விவகாரம் தெரிந்ததுதான். 2018 ஜனவரியில் எஃப்-செக்யூர் நிறுவனத்தினர் இதை வெளியிட்டார்கள். பயாஸுக்குக் கடவுச்சொல் வைத்திருந்தாலும் இந்தத் திரைக்குள் நுழைய முடிகிறது. நீங்கள் விடுதி அறையில் கணினியை வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போகும் நேரம் போதும் என்றார்கள். அப்போது அதைப் படித்தேன், தலையாட்டினேன், என் கணினியைப் பார்க்கவில்லை.

பற்றாசு, 26 ஜனவரி

விடுமுறை என்பதால் நீளமாக எழுதுகிறேன்.

"பழைய நிர்வாகிக்கு உங்கள் வீட்டு முகவரி தெரியாது, கடவுச்சொல் வேறு யாருக்கும் தெரியாது, பிறகு எதற்கு இந்தப் பதற்றம்?" என்று புளியமரத்தார் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. 2017 மே 1ஆம் தேதி இன்டெல் வெளியிட்ட அறிவிப்புதான் பதில்.

தொலைநிர்வாகத்தின் 6ஆம் பதிப்பிலிருந்து 11.6 வரை எல்லாவற்றிலும் ஓர் ஓட்டை இருந்தது. எம்பெடி என்ற நிறுவனத்தின் மாக்சிம் மல்யூதின் கண்டுபிடித்தது. உள்ளே நுழைய விரும்புகிறவர் கடவுச்சொல்லிலிருந்து கணக்கிட்ட ஒரு விடையை அனுப்பவேண்டும். எஞ்சின் தன்னிடமுள்ள சரியான விடையோடு அதை எழுத்தெழுத்தாக ஒப்பிடும். எத்தனை எழுத்து ஒப்பிடவேண்டும்? சரியான விடையின் நீளத்தை எடுத்துக்கொள்ளவேண்டிய இடத்தில், வந்த விடையின் நீளத்தை எடுத்துக்கொண்டார்கள். வெற்று விடை அனுப்பினால் பூஜ்ய எழுத்து ஒப்பிடப்படும். பூஜ்ய எழுத்தில் தவறு ஏது? உள்ளே வரலாம்.

கல்யாண வீட்டு வாசலில் நிற்பவர் "அழைப்பிதழில் எத்தனை வரியை நான் படிக்கவேண்டும்?" என்று வந்தவரையே கேட்டு, "ஒன்றும் படிக்கவேண்டாம்" என்றதும் பந்தியில் உட்காரவைத்த கதை. ஒரே வரி நிரல். பல ஆண்டுகளாகச் சந்தையில் இருந்தது. மூலநிரல் திறந்திருந்தால் முதல் ஆண்டிலேயே பிடிபட்டிருக்கும் என்று எழுதப்போனேன், நிறுத்திக்கொண்டேன். திறந்த மூலநிரலில் இதைவிட அசட்டுத்தனமான ஓட்டைகள் பல ஆண்டுகள் தூங்கியிருக்கின்றன. ஆனால் அங்கே ஓட்டை தெரிந்த அன்றே நானே அடைக்கலாம், அல்லது அந்தச் சேவையைப் பிடுங்கி எறியலாம். இங்கே தயாரிப்பாளர் பயாஸ் மேம்படுத்தல் தரும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கவேண்டும்.

என் கணினியின் பயாஸ் தேதியைப் பார்த்தேன். 2014. அதாவது முந்தையவரின் கடவுச்சொல் எவ்வளவு வலுவானது என்பதெல்லாம் பொருட்டே இல்லை. என் வீட்டு வைஃபையில் சேர்ந்த விருந்தாளி எவரும் வெற்று விடையோடு உள்ளே வந்து, கணினியை எழுப்பி, வேறு வட்டிலிருந்து இயக்கியிருக்கலாம். நடந்திருக்காது, என் விருந்தாளிகள் கேரம் ஆட வருகிறவர்கள். ஆனால் நடக்கவில்லை என்று நிரூபிக்கவும் என்னால் முடியாது. அந்தப் பக்கத்தில் என்ன நடந்தது என்பது என் லினக்ஸின் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது.

இந்த வசதியை உண்மையான உளவாளிகள் பயன்படுத்தியதற்கும் பதிவு இருக்கிறது. தெற்கு, தென்கிழக்கு ஆசிய அரசு அமைப்புகளைக் குறிவைக்கும் பிளாட்டினம் என்ற கும்பலைப் பற்றி 2017 ஜூனில் மைக்ரோசாஃப்ட் எழுதியது. அவர்கள் மேலே சொன்ன ஓட்டையைக்கூடத் தொடவில்லை. ஏற்கெனவே நுழைந்துவிட்ட நெட்வொர்க்குகளில், தொலைநிர்வாகத்தின் ஒரு வழக்கமான தடத்தின் வழியே கோப்புகளைக் கடத்தினார்கள். கணினியின் ஃபயர்வாலுக்கு அது தெரியவே இல்லை.

பற்றாசு, 27 ஜனவரி

நேற்றைய குறிப்பில் ஒரு திருத்தம். "இன்டெல் கணினி எல்லாமே இப்படித்தானா?" என்று கேட்டு நடுங்கவேண்டாம். எஞ்சின் எல்லாவற்றிலும் உண்டு. தொலைநிர்வாகம் விப்ரோ முத்திரையுள்ள அலுவலக மாடல்களில்தான். (நம்மூர் விப்ரோ அல்ல. வி தனி, ப்ரோ தனி. எழுத்து விஷயத்தில் எனக்கு இந்த மாதம் சனி திசை.) கடைகளில் வீட்டு உபயோகத்துக்கென்று விற்பவற்றில் அந்த வாசல் இல்லை. ஆனால் பழைய பொருள் சந்தைக்கு வரும் நல்ல கணினிகள் பெரும்பாலும் அலுவலக மாடல்களே.

பற்றாசு, 2 பிப்ரவரி

எஞ்சினையே வெட்டி எறிவது என்று முடிவெடுத்தேன். வீட்டில் யாரும் தடுக்கவில்லை, தடுத்திருக்கவேண்டும்.

நிக்கோலா கோர்னா என்ற இத்தாலியர் எழுதிய மீ-கிளீனர் என்ற சிறு நிரல் இருக்கிறது. அதன் பின்னணி சுவையானது. எஞ்சினின் ஃபர்ம்வேரை மொத்தமாக அழித்தால், கணினி எழும், ஓடும், சரியாக முப்பது நிமிடத்தில் தானே அணைந்துவிடும். தன்னைக் காணவில்லை என்றால் கணினியையும் நிறுத்திவிடு என்று காவல் வைத்திருக்கிறார்கள். டிராமெல் ஹட்சன் என்பவர் 2016இல், மொத்தத்தையும் அழிக்காமல் அந்தப் பகுதியின் முதல் நான்கு கிலோபைட்டை மட்டும் அழித்துப் பார்த்தார். முப்பது நிமிடம் கடந்தும் கணினி அணையவில்லை. எழுப்பிவிடும் ஆரம்பத் துண்டுகளை மட்டும் விட்டுவைத்து மற்றவற்றை உருவிவிடலாம் என்ற யோசனை அங்கிருந்து வளர்ந்தது.

வேலை இப்படி. கைவைக்கும் பலகையைக் கழற்றினால் எட்டுக்கால் சிப் தெரியும். அதைக் கவ்வும் கிளிப், கிளிப்பிலிருந்து சிஎச்341ஏ என்ற மலிவான புரோகிராமர், அதிலிருந்து இன்னொரு கணினி. இந்தப் புரோகிராமரில் ஒரு கோளாறு உண்டு. சிப்புக்குத் தேவை 3.3 வோல்ட், இதன் தரவுக் கால்களில் வருவது 5 வோல்ட். பலருக்கு ஒன்றும் ஆகவில்லை என்கிறார்கள். நான் நம்பாமல், ஒரு காலைத் தூக்கிக் கம்பி வைத்துப் பற்றவைத்துச் சரிசெய்துகொண்டேன். என் பெயருக்கு அன்றுதான் நியாயம் செய்தேன்.

இருப்பதைப் படித்து எடுத்தேன். இன்னொரு முறை படித்தேன், இரண்டும் ஒத்துப்போகவில்லை. கிளிப் சரியாக உட்காரவில்லை. ஆறாவது முறைதான் அடுத்தடுத்த மூன்று பிரதிகள் ஒத்தன. பொறுமையில்லாமல் முதல் பிரதியை நம்பியிருந்தால் திரும்பிப்போக வழியே இருந்திருக்காது.

பிறகு அகந்தை. மீ-கிளீனரை ஓட்டுவதற்கு முன், முப்பது நிமிடக் கதை உண்மைதானா என்று பார்க்க எஞ்சின் பகுதி முழுவதையும் வெறுமையாக்கி எழுதினேன். கணினி எழுந்தது. கைக்கடிகாரத்தை மேசையில் வைத்துவிட்டு இந்தக் குறிப்பைத் தட்டச்சு செய்ய ஆரம்பித்தேன். சுவாரசியத்தில் நேரத்தை மறந்து, சேமிக்காமல், நான்கு பத்தி எழுதியிருந்தபோது திரை கறுத்தது. முப்பது நிமிடக் கதை உண்மைதான்.

இப்போது மீ-கிளீனர் ஓட்டியிருக்கிறேன். ஐந்து மெகாபைட் இருந்த இடத்தில் நூறு கிலோபைட்டுக்கும் குறைவாகத்தான் மிச்சம். மூன்று மணி நேரமாக ஓடுகிறது. வெளியிலிருந்து 16992ஐத் தட்டினால் பதில் இல்லை. இம்முறை அணைத்தும் பார்த்தேன், எழுப்பியும் பார்த்தேன், தூங்கவைத்தும் பார்த்தேன்.

பற்றாசு, 9 பிப்ரவரி

"அமெரிக்க உளவு பற்றிச் சொல்லாமல் நழுவுகிறீர்கள்" என்கிறார் நள்ளிரவு. நழுவவில்லை, என்னிடம் இருப்பது ஒரே ஒரு தகவல். அதைவைத்து இரண்டு பக்கமும் வாதாடலாம் என்பதால் தள்ளிப்போட்டேன்.

2017 ஆகஸ்டில் பாசிடிவ் டெக்னாலஜிஸ் என்ற ரஷ்ய நிறுவனத்தின் ஆய்வாளர்கள் எஞ்சினின் 11ஆம் பதிப்புக்குள் ஒரு மறைவான சுவிட்சைக் கண்டார்கள். ஃபிளாஷில் ஒரே ஒரு பிட். அதை 1 ஆக்கினால், கணினியை எழுப்பிவிட்டு எஞ்சின் தானே ஒதுங்கிக்கொள்கிறது. அதன் பெயர் 'ஹாப்'. உயர் உறுதித் தளம் என்று பொருள்படும் அமெரிக்க அரசுத் திட்டத்தின் பெயர் அது, அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையோடு தொடர்புடைய திட்டம். அந்தத் திட்டத்துக்குக் கணினி தரும் உற்பத்தியாளர்கள் கேட்டதால் வைத்தோம் என்று இன்டெலும் ஒப்புக்கொண்டது.

உளவு முகமைக்கே அந்த எஞ்சின் வேண்டாமாம். "அதுவே அவர்களுடைய கொல்லைவாசல், தங்கள் வீட்டில் மட்டும் அடைத்துக்கொண்டார்கள்" என்று ஒருவர் சொல்லலாம். "கொல்லைவாசல் அவர்களுடையதாக இருந்தால் ஏன் பயப்படுகிறார்கள்? எவருடைய வாசலாகவும் ஆகக்கூடிய ஓட்டை என்று தெரிந்துதான் அணைத்தார்கள்" என்று இன்னொருவர் சொல்லலாம். எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது. எனக்கு உறைப்பது வேறு. அணைக்கும் பொத்தான் இருக்கிறது, காசு கொடுத்து வாங்கிய நமக்கு அதைச் சொல்லவில்லை.

அதே ஆய்வாளர்கள், மார்க் எர்மோலவ், மாக்சிம் கோரியாச்சி, அந்த டிசம்பரில் லண்டனில் எஞ்சினுக்குள் கையொப்பமில்லாத நிரலை ஓட்டிக்காட்டினார்கள். பின்னாளில், 2021 ஏப்ரலில், அந்த நிறுவனத்தின் மீதே அமெரிக்கா தடை விதித்தது. யாரை நம்புவது என்பது சுலபமான கணக்கல்ல.

பற்றாசு, 12 பிப்ரவரி

சென்னை ஐஐடி தன் சக்தி செயலியை அடிப்படையாகக் கொண்ட ஐரிஸ் சிப்பை இஸ்ரோவோடு சேர்ந்து உருவாக்கிய செய்தி வந்திருக்கிறது. "இனிமேல் நம்முடைய செயலி, ஒளிவுமறைவு இல்லை" என்று மூன்று பேர் இங்கே கொண்டாடுகிறார்கள். நானும் மகிழ்கிறேன். ஆனால் அது விண்கலக் கட்டுப்பாட்டு வேலைகளுக்கானது, தங்கையின் மடிக்கணினிக்கல்ல. சக்தி பின்பற்றும் ரிஸ்க்-வி என்பது செயலிக் கட்டளைகளின் இலக்கணம் மட்டுமே. இலக்கணம் பொதுச்சொத்து என்பதால் அதில் எழுதிய நூல் எல்லாம் பொதுச்சொத்து ஆகிவிடாது. அதைக் கொண்டு எவர் வேண்டுமானாலும் மூடிய பெட்டியும் செய்யலாம். சக்தியின் வடிவமைப்பு வெளிப்படையானது, அதுதான் அதன் பெருமை. 2018இல் வந்த சக்தியின் முதல் சிப்புகளில் ஒன்றை வார்த்துக்கொடுத்தது எந்த ஆலை தெரியுமா? இன்டெல்.

ராஸ்பெர்ரி பை என்ற சிறிய அட்டைக் கணினியை வாங்கித் தப்பிக்கலாம் என்றவருக்கு: அதில் முதலில் எழுவது ஆர்ம் செயலி அல்ல, வரைகலைச் செயலி. அதற்குள் பல காலமாக ஓடிவந்த மூடிய ஃபர்ம்வேர் எது? என் எஞ்சினில் இருந்த அதே த்ரெட்எக்ஸ். எங்கே போனாலும் ஒரே ஒன்றுவிட்ட மாமா வாசலில் நிற்கிறார்.

பற்றாசு, 8 மார்ச்

ஏஎம்டி (நிறுவனம்!) பற்றிய செய்தி. செயலியின் உள்நுண்கட்டளைகளை மாற்றும் மைக்ரோகோடு மேம்படுத்தலுக்கு ஏஎம்டியின் கையொப்பம் வேண்டும். அந்தக் கையொப்பச் சோதனையைக் கூகுள் ஆய்வாளர்கள் உடைத்ததாகப் பிப்ரவரித் தொடக்கத்தில் அறிவித்தார்கள், இந்த வாரம் விவரத்தையும் வெளியிட்டார்கள். சோதனைக்குப் பயன்படுத்திய முறை அதற்கு ஏற்றதல்ல என்பது ஒரு தவறு. அதில் வைத்த சாவி, அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனத்தின் ஆவணத்தில் உதாரணத்துக்காக அச்சிட்ட சாவி என்பது மற்றொன்று. பாடப்புத்தகத்தில் '1234 என்று வைத்துக்கொள்வோம்' என்று இருந்ததை அப்படியே பூட்டில் வைத்துவிட்டார்கள். அதுவும் ஏஎம்டியின் ஜென் வகைச் செயலிகளில், முதல் தலைமுறையிலிருந்து குறைந்தது நான்காம் தலைமுறை வரை அதே சாவி.

செய்துகாட்டியதுதான் அழகு. கணிக்க முடியாத எண்ணைத் தரும் கட்டளை ஒன்று செயலியில் உண்டு. சாவிகள் செய்ய அது பயன்படும். அதை எப்போது கேட்டாலும் 4 என்றே சொல்லும்படி மாற்றினார்கள். இதைச் செய்ய முதலில் அந்தக் கணினியின் முழு நிர்வாக உரிமை வேண்டும், மறுபடி எழுப்பினால் மாற்றம் போய்விடும். வீட்டுக் கணினிக்காரர்கள் அஞ்சத் தேவையில்லை. கிளவுடில் வாடகைக் கணினி எடுப்பவர்கள், வீட்டுக்காரர் நேர்மையானவர் என்பதை எதைவைத்து நம்புகிறோம் என்று யோசிக்கலாம்.

எனக்கு இதில் வேறொன்றும் தைத்தது. உடைத்தவர்கள் அந்தச் செயலிக்குத் தாங்களே மைக்ரோகோடு எழுதும் கருவியையும் வெளியிட்டிருக்கிறார்கள். பூட்டு உடைந்ததால் உரிமையாளருக்கு முதல்முறையாகத் தன் வீட்டுக்குள் போக வழி கிடைத்திருக்கிறது. திருடனுக்கும் அதே வழி.

பற்றாசு, 9 மார்ச்

பிப்ரவரி 2இல் நான் செய்த அறுவையைப் பற்றி மறுயோசனை. எஞ்சினை உருவியதில் எனக்குப் பெருமை குறைந்துகொண்டே வருகிறது.

என்னைக் காப்பாற்றியது எது? வெளியிலிருந்து வாசலைத் தட்டிப் பார்த்ததும், தொலைநிர்வாகத்தைக் கலைத்ததும்தான். அதோடு பயாஸையும் மேம்படுத்தியிருந்தால் என் உண்மையான ஆபத்து தீர்ந்திருக்கும். அதற்கு ஓர் இரவு போதும், சிப்பைக் கவ்வவேண்டிய அவசியமே இல்லை. கவ்வியதால் புதிதாக ஒரு பலவீனம் சேர்ந்திருக்கிறது. இனி பயாஸ் மேம்படுத்தல் போட்டால் வெட்டியது திரும்பி வளரலாம் என்று அஞ்சி, மேம்படுத்தலே போடாமல் இருக்கிறேன். 2018இல் ஸ்பெக்டர் என்ற செயலி ஓட்டை வெளிவந்தபோது நம்மைக் காத்த மைக்ரோகோடும் மூடிய, கையொப்பமிட்ட, நாம் படிக்க முடியாத பொட்டலமாகத்தான் வந்தது. லினக்ஸ் அதை எழும்போதே ஏற்றிக்கொள்கிறது, நான் மறுக்கவில்லை. அதற்கு வாசலைத் திறந்துவிட்டு இதை மட்டும் விரட்டியதில் பெரிய தர்க்கம் ஒன்றும் இல்லை.

ஆனாலும் திருப்பிப் போடமாட்டேன்.

பற்றாசு, 6 ஏப்ரல்

புளியமரத்தார் கணினி வாங்கிவிட்டார். அவர் கேட்டபடி, கடையிலேயே செய்யவேண்டியவற்றைச் சொல்லியிருந்தேன்: கன்ட்ரோல்-பி அழுத்திப் பார்ப்பது, 'அட்மின்' ஏற்கிறதா என்று பார்ப்பது, ஏற்றால் கடவுச்சொல்லை மாற்றித் தொலைநிர்வாகத்தை அணைப்பது, ஏற்காவிட்டால் அடுத்த கணினியைக் கேட்பது. முதல் இரண்டு கணினிகளில் ஏற்கவில்லையாம். கடைக்காரர் எரிச்சலாகி, "ஐம்பது பேருக்கு விற்றிருக்கிறேன், ஒருவரும் இதைக் கேட்டதில்லை" என்றாராம். மூன்றாவது ஏற்றது. வீட்டில் பயாஸை மேம்படுத்தி, தங்கையின் தோழியின் கணினியிலிருந்து 16992 முதல் 16995 வரை தட்டிப் பார்த்திருக்கிறார்கள். மௌனம்.

இப்போது அவருக்கும் வெட்டும் ஆசை வந்துவிட்டது, கிளிப்பைக் கேட்கிறார். நாளை கூரியரில் அனுப்புகிறேன். இரண்டு விஷயம். உங்களுடையது எட்டாம் தலைமுறை. அதில் மினிக்ஸ்காரர் இருப்பார், முழுக்க உருவ வேண்டாம், ஹாப் பிட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்குமுன் சிப்பின் முதுகில் உள்ள எண்ணைப் படித்து எத்தனை வோல்ட் என்று பாருங்கள். 1.8 என்றால் என் புரோகிராமரைக் கிட்டேயே கொண்டுபோகாதீர்கள். தங்கையின் தேர்வு முடிந்த பிறகு செய்யுங்கள். கிளிப்பின் மூன்றாவது பல் வளைந்திருக்கிறது, அழுத்திப் பிடிக்கவேண்டும்.

புளியமரம், 7 ஏப்ரல்

தேர்வு மே மாதம்தான். அதுவரை கிளிப் என்னிடமே இருக்கட்டுமா?

பற்றாசு, 7 ஏப்ரல்

இருக்கட்டும். நான் வைத்திருந்தால் மனைவியின் கணினியைத் திறந்துவிடுவேன்.